பெயரை மூடிய அட்டை

மளிகைக் கடையில் இன்று அந்துருண்டைப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். மழைக்காலம் வருகிறது, பீரோவில் இருக்கும் நாலு நல்ல புடவையையும் பூச்சி அரித்துவிடும். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. கையில் இருந்ததை மேசை மேல் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்களுக்கு இது பட்டுப்புடவை வாசனை. எனக்கு இது ஏற்காட்டில் மூடிக் கிடந்த அந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறை. சேலத்திலிருந்து ஒரு பை நிறைய அந்துருண்டை வாங்கி வந்து, பழைய பதிவேடுகளுக்கு நடுவே விதை ஊன்றுகிறவளைப் போல ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனாயே, அந்த முதல் நாள் ஞாபகம் வந்தது.

உன்னைப் பற்றி எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்து, எழுதாமல் எழுந்திருக்கிறேன். எழுதினால் பெயர் போடாமல் எழுத வேண்டும். அது நீ வைத்த சட்டம். போடவில்லை. உன் பெயர் இல்லை, உன் தம்பியின் பெயர் இல்லை, உங்கள் ஊரின் பெயரும் இல்லை. இப்போது திருப்திதானே உனக்கு?

நாம் இருவரும் ஒரே கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தோம். இருவருக்கும் பட்டம் வாங்க ஆராய்ச்சி வேண்டியிருந்தது, இருவருக்கும் சென்னைக்குப் போய்த் தங்கிப் படிக்க வசதி இல்லை. யாரோ சொல்லி இந்த ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தது நீதான். சுதந்திரம் வந்த பிறகு மலைத் தோட்டங்களில் மலேரியாக் குளிர்காய்ச்சல் எப்படிக் குறைந்தது என்பது உன் ஆராய்ச்சி. பிரசவ வார்டு எனக்கு. சனிக்கிழமை தோறும் மலையேறினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் எனக்கு வயிற்றைப் புரட்டும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு உன்னையும் உன் மலையையும் திட்டிக்கொண்டே வருவேன்.

கட்டடத்தை வைத்திருந்த குடும்பம் நல்லவர்கள். பதிவேடுகளைத் தாராளமாகப் பாருங்கள், நோயாளிகளின் பெயர் மட்டும் வெளியே போகக் கூடாது என்றார்கள். எனக்கு அது போதும். உனக்குப் போதவில்லை. சட்டை டப்பா அட்டை ஒன்றை நீளமாக வெட்டிக்கொண்டு வந்தாய். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் அந்த அட்டையைப் பெயர்கள் இருக்கும் பத்தியின் மேல் வைத்து மூடிவிட்டு, மீதியைத்தான் படிப்பாய். தேதி, ஊர், நோய், மருந்து, முடிவு. ஆளுக்குப் பதில் ஒரு நம்பர். இதெல்லாம் நொம்ப அதிகம் என்று நான் உன் பாஷையிலேயே கேலி செய்தேன்.

"அவங்க நம்மள நம்பி வரல புள்ள, டாக்டர நம்பி வந்தாங்க. நாம எட்டிப் பாக்கறவங்க. எட்டிப் பாக்கறவங்களுக்கு ஒரு மரியாத வேணும்" என்றாய்.

அந்த அறையில் முன்பு என்ன இருந்தது என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. சன்னல் சட்டம் வீங்கி மூட வராது. மூடுபனி அந்த இடுக்கு வழியாக உள்ளே வந்து மேசைக்கு அடியில் தங்கிக்கொள்ளும். துருப்பிடித்த கட்டில்கள் கால் மேலாக மூலையில் அடுக்கியிருக்கும். சாவி வைத்திருந்த வாட்ச்மேன் கதவைத் திறந்துவிடுவார், உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். நேராக சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். பதிவேடுகளைப் படிப்பதில் தப்பில்லை, வாய்விட்டுப் படித்தால் செத்தவர்களைக் கூப்பிடுவது போலாகும், அது வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அறையில் நாம் இருவரும் பேசினாலே குசுகுசுவென்றுதான் பேசினோம்.

நீ மலைக்காரி என்பது பாதி உண்மைதான். அப்பாவை நீ ஐயன் என்பாய். அவர் உங்களைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு இறங்கியபோது நீ நடை பழகும் குழந்தை, தம்பி கைக்குழந்தை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அந்த ஊருக்கு உன் அம்மா உங்களைக் கூட்டிப்போகவில்லை. கேட்டால், அங்கே நமக்கு யாரும் இல்லை என்பார். ஐயன் மண்டியில் வேலை பார்த்தார். குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார் என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கடைசியில் ஒரு நாள் சாக்கடை ஓரத்தில் விழுந்து செத்துக் கிடந்தார். குடிகாரன் மகள் என்று பள்ளிக்கூடத்தில் உன்னைக் கூப்பிட்டதை எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாய், அதுவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அவர் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை என்று உன் அம்மா சாதிப்பார். ஊரில் யாரும் நம்பவில்லை. நீ நம்பினாயா என்று நான் கேட்டதில்லை.

அதனால்தான் பதிவேட்டில் உங்கள் ஊரின் பெயரை முதல்முதலில் பார்த்தபோது உனக்கு அவ்வளவு சந்தோஷம். குழந்தை மாதிரி என் கையைப் பிடித்து இழுத்து, அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினாய். வாழவந்திக்கும் அப்பால், நாலே வீடு இருக்கும் ஒரு சிற்றூர். அது காகிதத்தில் ஏறியிருப்பதே உனக்குப் பெருமையாக இருந்தது. நோயாளியின் பெயர் அட்டைக்கு அடியில் இருந்தது. நோய் என்ற இடத்தில் 'ஆட்டம்' என்று எழுதியிருந்தது.

டாக்டர் எழுதியதெல்லாம் இங்கிலீஷ். டாக்டர் இல்லாத நாளில் கம்பவுண்டர் தமிழில் எழுதிவிடுவார், அவர் காதில் விழுந்தது எதுவோ அதையே எழுதுவார். வயித்தாலெ, மாரடி, சூடு, ஆட்டம். இந்த ஆட்டம் என்ன என்று நாம் சண்டை போட்டோம். சம்பள நாளில் குடித்துவிட்டு ஆடியவர்களைத் தூக்கி வந்திருப்பார்கள், வேறென்ன என்றேன் நான். உன் முகம் கறுத்துவிட்டது. குளிர்காய்ச்சல் வந்தால் உடம்பைத் தூக்கித் தூக்கி ஆட்டும், எங்கள் ஊரில் அதைத்தான் ஆட்டம் என்பார்கள் என்று அடித்துச் சொன்னாய். மலைக்காரி சொல்கிறாளே என்று விட்டுவிட்டேன். ஆட்டம் அத்தனையும் குளிர்காய்ச்சல் கணக்கில் ஏறியது. முடிவு என்ற இடத்தில் அவர்களில் அநேகமாக எல்லோருக்கும் ஒரே வாசகம் இருந்தது: ஊட்டார் கூட்டிப் போனார்கள். வீட்டார் வந்து கூட்டிப்போனார்கள் என்றால் குணமாகியிருப்பார்கள் என்று நீ கணக்கு வைத்தாய்.

அந்த மாதங்களில்தான் உனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது என்று நினைத்தேன். உட்கார்ந்து படிக்கும்போது காலை ஆட்ட ஆரம்பித்தாய். எனக்கு அது ஆகவே ஆகாது. எங்கள் வீட்டில் உட்கார்ந்து காலாட்டினால் முதுகில் அடி விழும். வீட்டில் இருக்கும் லட்சுமி ஓடிவிடுவாளாம். காலாட்டாதே என்பேன், நிறுத்துவாய், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆடும். ஒரு தடவை பொறுமை போய் மர ஸ்கேலால் உன் முழங்காலில் ஒன்று வைத்தேன். "நா எங்கடி ஆட்டுனேன்?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாய். நான் அதையும் நடிப்பு என்றுதான் நினைத்தேன்.

கணக்கு இடிப்பது முதலில் என் கண்ணில்தான் பட்டது. உனக்கு உதவியாக மருந்துப் பத்தியை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். குளிர்காய்ச்சல் என்று வந்தவர்களுக்கெல்லாம் மலேரியா மருந்தான கொயினா கொடுத்திருந்தார்கள். ஆட்டம் என்று வந்த ஒருவருக்கும் கொடுக்கவில்லை. சிலருக்குத் தூக்க மருந்து, சிலருக்கு ஒன்றுமே இல்லை. கொசுவே இல்லாத கோடையிலும் ஆட்டம் வந்திருந்தது. குழந்தைகள் யாருக்கும் வரவில்லை, எல்லோரும் நடுவயதுக்காரர்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே திசையிலிருந்து வந்தார்கள். கொயினா கொடுக்காத குளிர்காய்ச்சல் எந்த ஊரில் இருக்கிறது என்று உன்னைக் கேட்டேன். நீ பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாய். பிறகு, நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்றாய்.

அடுத்த சனிக்கிழமை காலையில் வாழவந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். டீக்கடைப் பலகையில் ஒரு வயதான அம்மா பலாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். நீ பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாய். மழை, பழத்தின் விலை, காப்பிக்கு வந்த நோய் என்று சுற்றி வந்து, அந்தக் காலத்தில் ஆட்டம் என்று ஒரு காய்ச்சல் இருந்ததாமே என்று கேட்டாய். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். பலகையின் அந்தப் பக்கம் இருந்த ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த அம்மா மட்டும் அசையவில்லை. உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க? உங்க ஐயன் பேரு என்னங்க?"

நீ ஊரைச் சொன்னாய். ஐயனின் பெயரைச் சொன்னாய். அதுவரை உன் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு உன் முகத்தைப் பார்க்கவே இல்லை. டம்ளரைப் பிடித்திருந்த உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காச்சலுக்கு நாங்க நடுக்கம்னு சொல்லுவமுங்க. ஆட்டம் வேறைங்க. அது உங்க ஊட்டுலதானுங்க."

மீதியைத் துண்டு துண்டாகச் சொன்னார். முதலில் கையில் இருப்பது தானாகக் கீழே விழும். பிறகு நடை மாறும், குடித்தவர் நடை மாதிரி. முகம் கோணும், பேச்சுக் குழறும். ஊரில் சிலர் சாமி இறங்கியிருக்கிறது என்று விபூதி போட்டார்கள், சிலர் அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாலும் கடைசி மூச்சுக்கு முன்னால் திரும்பத் தூக்கி வந்துவிடுவார்கள். ஊருக்கு வெளியே உயிர் போனால் ஊருக்குள் இடம் கிடையாது, பிணத்தை எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள். ஊட்டார் கூட்டிப் போனார்கள் என்பதற்கு அர்த்தம் அதுதான். நீ குணம் என்று கணக்கு வைத்த அத்தனை பேரும் சாகப் போனவர்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா உனக்கு ஒரு பழத்தைக் கொடுத்தார். கையில் கொடுக்கவில்லை, பலகையில் வைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அதை அங்கேயே வீசிவிட்டு வந்திருப்பேன். நீதான் எடுத்துக்கொண்டு, வாரேனுங்க என்று சொல்லிவிட்டு நடந்தாய்.

நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தோம். வாட்ச்மேன் கதவைத் திறந்தார். நீ உட்காரக்கூட இல்லை. ஆட்டம் இருந்த பக்கங்களில் அடையாளக் காகிதம் வைத்திருந்தாயே, முதல் காகிதத்தில் திறந்து, அட்டையை வைக்காமல் படித்தாய். அடுத்ததைத் திறந்தாய். அதற்கு அடுத்ததை. உன் தாத்தாவின் பெயர் இருந்தது. உன் ஐயனின் அக்கா பெயர் இருந்தது. நீ மாதக்கணக்காக அவர்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தாய். சுதந்திரத்துக்குப் பிறகான பதிவேடுகளில் கடைசியாக வந்த ஆட்டத்துக்காரர் உன் ஐயன். நீங்கள் சேலத்துக்கு இறங்கிய அதே வருடம் தனியாக வந்திருக்கிறார். முடிவு என்ற இடத்தில் 'மனைவி கூட்டிப் போனார்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை.

அந்த ரேகையின் மேல் உன் விரலை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் நின்றாய். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று உனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐயன் குடிக்கவில்லை என்றும் அப்போதுதான் தெரிந்தது. எதற்கு அழுவது என்று தெரியாமல் நீ அழாமலே இருந்தாய். எனக்குத்தான் கண்ணில் நீர் கட்டியது. மேசைக்கு அடியிலிருந்து மூடுபனி நம் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது, அந்த அறையை விட்டு வெளியே ஓட வேண்டும் போல இருந்தது.

"தம்பி" என்றாய் திடீரென்று. உன் தம்பி சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் நாம் மலையிறங்க வேண்டிய பஸ்ஸும் அவனுடையதுதான்.

எப்போதும் போல அவன் சீட்டுக்குப் பின்னால் நமக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். எலுமிச்சம்பழம் கொண்டு வந்தீர்களா கண்ணாடியக்கா என்று, மூக்குக்கண்ணாடி போட்ட என்னை எப்போதும் போலக் கிண்டல் செய்தான். பஸ் நிறைய ஆட்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கூடைக்காரிகள், முன் சீட்டில் ஒரு நிறைமாதப் பெண். வளைவுகள் ஆரம்பித்தபோது மூடுபனி முன்கண்ணாடியை அப்பிக்கொண்டது. எதிரே வண்டி வருவது கண்ணுக்குத் தெரியாது, ஆரன் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவனுடைய விரல்கள் ஸ்டியரிங்கின் மேல் தாளம் போட்டன. எப்போதும் போடுவான், பாட்டுக்குப் போடுகிறான் என்று நாமும் விட்டுவிடுவோம். அன்று பஸ்ஸில் பாட்டு இல்லை.

நீ முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த விரல்களையே பார்த்தாய். வளைவு வரும்போதெல்லாம் உன் மூச்சு நின்று, வண்டி திரும்பி முடிந்ததும் வந்தது. எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த இடத்தில் உன் கால் இருந்தது. செருப்புக்குள் கால்விரல்கள் தனியாக, உனக்குச் சம்பந்தமே இல்லாதவை போல, மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தன. நீ அவனுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு எதுவும் தெரியவில்லை. நான் எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தேன் என்று நினைவில்லை. ஒரு கட்டத்தில் நீ என் பக்கம் திரும்பி, என் கண் போன இடத்தைப் பார்த்தாய். சேலைக் கொசுவத்தை இழுத்துக் காலை மூடினாய்.

அடிவாரம் வரும்வரை நீ கொசுவத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு உனக்கு இருந்தது ஒரே கேள்வி, தம்பியிடம் சொல்வதா வேண்டாமா என்பது. உன்னைப் பற்றிய பயத்தைக்கூட நீ ஒதுக்கி வைத்துவிட்டாய். நரம்பு டாக்டரைப் பார்க்கச் சென்னைக்கு உன்னோடு நானும் வந்தேன். வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு வருவது, பூவா தலையா போட்டுப் பார்ப்பது போல ஒரு பிள்ளைக்கு வரும், ஒரு பிள்ளைக்கு வராது, மருந்து கிடையாது என்றார். இதைச் சொன்னபோது அவர் முகம் சாதாரணமாக இருந்தது. பதிவேடுகளைப் பற்றி நீ வாய்தவறிச் சொன்னதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு பழைய ஆதாரம் கிடைப்பது அபூர்வம், பெயர்களோடு நகல் கிடைக்குமா என்று கேட்டார். நீ எழுந்துவிட்டாய். வெளியே ரோட்டில் நின்று, அவர்மேல் கோபம் இல்லை, நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன் என்றாய். ஆராய்ச்சி என்பதே உனக்கு அன்றைக்குக் கசந்துபோனது.

உன் அம்மா உன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். தம்பிக்கு இரண்டு பெண் குழந்தைகள். இது வெளியே தெரிந்தால் எவன் வந்து கட்டுவான்? வருவது வரட்டும், வராமலே போகட்டும், வாயைத் திறக்காதே என்றார். உன் ஐயன் அப்படி வாயை மூடிக்கொண்டு போனதால்தான் நீங்கள் இருவரும் மனிதர்களாக வளர்ந்தீர்கள் என்றும் சொன்னார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நான் சொல்லத்தான் வேண்டும் என்றேன். அந்த வாரங்களில் நீ தினமும் காலைப் பேப்பரை வாங்கி முதலில் மலைப்பாதைச் செய்தி இருக்கிறதா என்று தேடினாய். பஸ் கவிழ்ந்த செய்தி எந்த ஊராக இருந்தாலும் உன் முகம் வெளுத்துவிடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சனிக்கிழமை மலையேறுவதையே நிறுத்திவிட்டோம்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் இருந்த அவன் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். கறிச்சோறு சாப்பிடக் கூப்பிட்டான். முதலில் பேச வேண்டும் என்றாய். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாய், உன் காலையும் காட்டினாய். அவன் மனைவி பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அவன் நம்பவில்லை. செத்தவர்கள் கணக்கைப் படித்துப் படித்து உனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றான். வலது கையை நீட்டி உன் முகத்துக்கு நேரே வைத்தான்.

"பாரு. ஆடுதா? நல்லாப் பாத்துச் சொல்லு, ஆடுதா?"

ஆடவில்லை. கல்லில் அடித்து வைத்த மாதிரி நின்றது.

"இன்னைக்கு ஆடல சாமி. ஆடற அன்னைக்கு நீ எந்த வளைவுல இருப்பீன்னு எனக்குத் தெரியாது."

அவன் எழுந்து வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். நாம் வெளியே வந்தோம். உன் செருப்பை நீ போட முடியாமல் தடுமாற, நான் குனிந்து போட்டுவிட்டேன். அவன் அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

மறுநாள் நீ டிப்போ மேனேஜரைப் போய்ப் பார்த்தாய். தம்பியைக் கேட்காமல், அம்மாவிடம் சொல்லாமல் போனாய். அந்த மனிதர் நல்லவர், விஷயத்தைப் புரிந்துகொண்டார். சம்பளம் குறையாமல் டைம் கீப்பர் மேசையில் அவனை உட்காரவைத்தார். காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டாம் என்று நீ கேட்டுக்கொண்டதால் கண் பார்வைக் குறைவு என்று எழுதினார். நாளைக்கு எவளாவது ஆராய்ச்சி என்று அந்த ஆபீஸ் பதிவேட்டைப் படித்தால் அவனுக்குக் கண்நோய் என்று கணக்கு வைத்துக்கொள்வாள் என்று சொல்லி நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நீ சிரித்தால் அது சிரிப்பா, முகம் தானாகக் கோணுகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

உன் ஆராய்ச்சியை எப்படியோ முடித்தாய். ஆட்டம் அத்தனையையும் குளிர்காய்ச்சல் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்புப் போட்டாய்: காரணம் தெரியாத வேறொரு நோய், இங்கே சேர்க்கப்படவில்லை. அந்த ஒரு வரியை டைப் அடிக்கக் கொடுக்கும்போது உன் கையெழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை. நான்தான் வாய்விட்டுப் படித்துச் சொன்னேன். பட்டம் கொடுத்தார்கள். யாரும் அந்தக் குறிப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

பிறகு வந்த வருடங்களை நான் எழுதப்போவதில்லை. நீ இருந்தாய், உன் உடம்பு உன் பேச்சைக் கேட்கவில்லை. தெருவில் நீ குடித்திருக்கிறாய் என்று ஒருவன் சொன்னபோது அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன், அது உனக்கும் தெரியும். அம்மா உனக்கு முன்னால் போனார். தம்பி உன்னிடம் கடைசிவரை பேசவில்லை. உன்னை எடுத்துப்போன அன்று தெருமுனை வரை வந்து நின்றுவிட்டு, வீட்டுக்குள் வராமலே திரும்பினான். அவன் கை அன்றும் ஆடவில்லை. அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது. ஒன்றுமே இல்லாததற்கு இவள் அவனுடைய வண்டியையும் பிடுங்கி, தம்பியையும் இழந்துவிட்டாளே என்று நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை அவனுடைய மூத்த மகள் வந்தாள். நீ தூக்கி வளர்த்தவள்தான். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். தை மாதத்தில் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறது, பத்திரிகை கொடுக்க வந்தாளாக்கும் என்று நினைத்தேன்.

"அப்பாவுக்கு வந்திருச்சுங்க, கண்ணாடியத்தை" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது வந்ததாம். கையில் இருந்த பேனா எகிறிப் போய் எதிரே நின்ற கண்டக்டர் மேல் விழுந்ததாம். கண்டக்டர் சிரித்தாராம். அவன் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டான். மறுநாள் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் காலத்தில் சாயங்கால பஸ்ஸில் யார் யார் மலையிறங்குவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கூடைக்காரிகள், பிரசவத்துக்குப் போகிறவர்கள். ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு, அக்காவிடம் பேசாமலே அனுப்பிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதானாம். இதை யாரிடமாவது சொல்லிவிட்டு வா என்று மகளை அனுப்பியிருக்கிறான். உன்னிடம் சொல்ல வழியில்லாமல் என்னிடம் அனுப்பினான். எனக்கும் வழி தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ செய்தது சரி. உன் தம்பி சொல்லிவிட்டான்.

செய்தியைச் சொன்ன பிறகும் அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. மேசை விரிப்பின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். அப்பாவுக்கு வந்துவிட்டது என்றால் தனக்கு என்ன என்பதை அவள் யோசிக்காமலா வந்திருப்பாள்? அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"அத்தைக்கு வந்தது அத்தைக்கே தெரியாதப்ப நீங்கதான் மொதல்ல பாத்தீங்களாமா. என்னையும் பாத்துச் சொல்லுங்க."

இரண்டு கைகளையும் மேசையின் மேல் என் பக்கமாக நீட்டி வைத்தாள்.

உனக்குத் தெரியுமா, நீ போன பிறகு நான் எல்லோருடைய கையையும் பார்க்கிறேன். பஸ் டிரைவர், காய்காரி, பரீட்சை எழுதும் பிள்ளைகள், குளிக்கும்போது என் கை. பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் அங்கேதான் போய் நிற்கும். உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தப் பார்வைதான், இறக்கி வைக்க இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கையை நான் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன், உன் சாடை நிறைய இருக்கிறது அவளுக்கு. அந்த இரண்டு கையையும் என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இப்போதெல்லாம் ரத்தம் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள் கண்ணு, தெரிய வேண்டும் என்றால் போகலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், எதுவானாலும் நான் உன்னோடு வருகிறேன் என்றேன். அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பிடித்திருந்த கைகளில் ஒன்று லேசாக அதிர்ந்தது. அது அவளுடையதா என்னுடையதா என்று குனிந்து பார்க்காமல், இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.